பசளை வகைகளும் அவற்றைப் பழுதின்றி இடும் முறையும்

பயிருக்கு இடப்படும் பசளை பயிரையே சென்றடைதல் வேண்டும். மழைநீரோடு ஓடிப்போகும் பசளையால் கமக்காரருக்குப் பண நட்டமும், அந்நீரைப் பயன்படுத்துவோருக்குக் கேடும் உண்டாகின்றன. மழை மிகுந்த கொழும்பு மாவட்டத்துக்கு இது சிறப்பாகப் பொருந்தும். ஹங்வெல்ல, கடுவெலப் பகுதிகளிலுள்ள பல வயல்களின் வடிநீர் களனி கங்கையிற் சேர்கின்றது. அக்கங்கை நீரே அம்பத்தலையிற் சுத்திகரிக்கப்பட்டுக் கொழும்பு நகர மக்களுக்குக் குடிநீராகின்றது.

2021ஆம் ஆண்டு மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டது. அவ்வாண்டு நவம்பரில் அத்தடை நீக்கப்பட்டது. பசளைத் தட்டுப்பாட்டால் 2021/2022 பெரும்போக நெல் விளைச்சல் பெரிதும் குறைந்தது. பசளையின் விலையும் பன்மடங்கு ஏறியது. ஒரு பிடி யூரியாவையும் வீணாக்கலாகாது என்பதை அக்காலம் உணர்த்தியது.

பசளை வகைகள்

பயிருக்கு மிகுதியாக வேண்டப்படும் ஊட்டங்கள் மூன்று. நைதரசன் இலையையும் தண்டையும் வளர்க்கும். பொசுபரசு வேரைப் பெருக்கும். பொற்றாசியம் தண்டுக்கு உறுதியும் மணிக்கு நிறைவும் அளிக்கும்.

யூரியா: நூற்றுக்கு 46 பங்கு நைதரசன் கொண்டது. நீரில் விரைவிற் கரையும்.

அமோனியம் சல்பேற்று: நூற்றுக்கு 21 பங்கு நைதரசன் கொண்டது. தொடர்ந்து இடின் மண்ணின் புளிப்புத் தன்மையைக் கூட்டும்.

முச்சுப்பர் பொசுபேற்று: நூற்றுக்கு ஏறத்தாழ 46 பங்கு பொசுபரசு ஐயொட்சைட்டு (P2O5) கொண்டது. இதனை அடிக்கட்டுப் பசளையாக இடுதல் நன்று. அநுராதபுர மாவட்டத்து எப்பாவலையில் அகழப்படும் பாறைப் பொசுபேற்று மெல்லக் கரைவதாதலின், நீண்டகாலப் பயிர்களுக்கே ஏற்றது.

மியூறியேற்றுப் பொற்றாசு: நூற்றுக்கு 60 பங்கு பொற்றாசு கொண்டது. செந்நிறத்திலும் வெண்ணிறத்திலும் கிடைக்கும்.

சேதனப் பசளைகள்: நன்கு மக்கிய எருவும் கூட்டெருவும் ஊட்டம் குறைந்தனவாயினும், மண்ணைப் பொலபொலப்பாக்கி ஊட்டத்தையும் ஈரத்தையும் பிடித்துவைக்கும். பச்சை எரு வேரைக் கருக்குமாதலால் அதனை இடலாகாது.

இடும் முறை

நெல் வயலில் யூரியாவை ஒரே தடவையில் இடாது, பல தவணைகளாகப் பிரித்து இடுதல் வேண்டும். இடுமுன் வயல்நீரை வடித்து, வாய்க்கால் வாயை அடைத்து, சேற்றின் மேல் சீராகத் தூவி, இரண்டொரு நாளின் பின் நீர் கட்டுக. மழை வருமென்று தோன்றும் நாளில் இடலாகாது. காலைப் பனியால் இலை நனைந்திருக்கும் வேளையில் தூவினால் குருணிகள் இலையில் ஒட்டிக் கருக்கும்.

இலை கரும்பச்சையாக இருப்பதே சிறப்பென எண்ணி நைதரசனை அளவுக்கு மீறி இடுவோர் உளர். அத்தகைய பயிர் எளிதிற் சாயும். எரிபந்த நோயும் தத்திகளும் அதனைத் தாக்கும். இலை நிற அட்டையைக் கொண்டு தேவையை அறிதல் நன்று.

மரக்கறிப் பயிருக்குத் தண்டை ஒட்டி இடாது, சற்று விலக்கிச் சிறு சால் கீறி இட்டு மண்ணால் மூடி நீர் பாய்ச்சுக. வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை போன்ற இடநெருக்கமான பகுதிகளிற் சாடிகளிற் செடி வளர்ப்போர் மிகச் சிறிதளவே இடுதல் வேண்டும். சாடியிலுள்ள சிறிதளவு மண்ணில் உப்பு விரைவிற் சேர்ந்து வேரைக் கெடுக்கும்.

சுண்ணாம்பையும் யூரியா அல்லது அமோனியம் சல்பேற்றையும் ஒன்றாகக் கலத்தல் ஆகாது. நைதரசன் ஆவியாகிப் போய்விடும். யூரியாவையும் முச்சுப்பர் பொசுபேற்றையும் கலந்து வைத்தால் கலவை ஈரித்துக் குழம்பாகும். ஆதலால் இடும் வேளையிலேயே கலக்குக.

கிணறும் குழந்தையும்

மண்ணிற் கசியும் நைத்திரேற்று நிலத்தடி நீரை அடையும். யாழ்ப்பாணத்திலும் கற்பிட்டியிலும் பல கிணறுகளில் இது மிகுந்திருத்தல் கண்டறியப்பட்டுள்ளது. குடிநீரில் இலீற்றருக்கு 50 மில்லிகிராமே உலக சுகாதார நிறுவனம் கூறும் மேலெல்லை. அதற்கு மேற்பட்ட நீரிற் பால்மாக் கரைத்துக் கொடுத்தால், கைக்குழந்தையின் இரத்தம் உயிர்வளியைச் சுமக்கும் ஆற்றலை இழந்து உடல் நீலம் பாரிக்கக்கூடும். நீரைக் கொதிக்கவைப்பதால் நைத்திரேற்று நீங்காது. நீர் வற்றுவதால் அதன் செறிவு கூடவே செய்யும். ஆகவே கிணற்றருகே பசளை இடுதலும், பசளை வாளியைக் கிணற்றடியிற் கழுவுதலும் ஆகா.

பாதுகாப்பு

1. யூரியா சீனியைப் போலவும், வெண்ணிறப் பொற்றாசு உப்பைப் போலவும் தோன்றும். இவற்றைச் சமையலறையில் வைத்தலும், பெயரில்லாப் பையில் வைத்தலும் ஆகா.

2. பையைத் தரையினின்று உயர்த்தி, பலகை மேல், ஈரமும் நெருப்பும் அணுகாத இடத்தில் வைத்துப் பூட்டுக.

3. ஆடு மாடுகள் யூரியாவை நக்கினாலும், அது கரைந்த நீரைக் குடித்தாலும் இறக்கக்கூடும். அவ்வாறு நேரின் கால்நடை வைத்தியருக்கு உடனே அறிவிக்க.

4. கையுறை அணிந்து தூவுக. கண்ணிற் பட்டால் தூய நீரால் கால்மணி நேரம் கழுவி வைத்தியரை நாடுக. வேலை முடிந்ததும் சவர்க்காரமிட்டுக் கைகழுவிய பின்னரே உண்க.

5. வெறும் பசளைப் பையில் அரிசியோ மரக்கறியோ இடலாகாது.

நிலத்துக்கு நிலம் பசளைத் தேவை வேறுபடும். அயலாரின் அளவைப் பின்பற்றாது, மண்ணைப் பரிசோதித்து, தத்தம் பகுதிக் கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரின் ஆலோசனையைப் பெற்று இடுக. அளவறிந்து இட்ட பசளை களஞ்சியத்தை நிறைக்கும். அளவு மீறியது அயலாரின் குடிநீரைக் கெடுக்கும்.