ஸ்பிரிங்வெளி மலைப்பாதைகளில் ஐந்து பெண்கள்

நடை எமக்குப் புதிதல்ல. வன்னியில் வாழ்ந்த பெண்கள் ஒவ்வொருவரும் எத்தனை தடவை, எந்தெந்த ஊர்களுக்கு நடந்தோம் என்று எழுதத் தொடங்கினால் கொப்பி போதாது. தலையில் மூட்டை, இடுப்பில் பிள்ளை, கையில் வயது போனவரின் கை. எங்கே போய்ச் சேருவோம் என்று தெரியாத நடை அது. ஆனால் சுமையில்லாமல், பயமில்லாமல், மலையையும் மரத்தையும் பார்ப்பதற்காகவே நடந்தவர்கள் எங்களில் எத்தனை பேர்? அப்படி நடப்பது வசதி உள்ளவர்களின் பொழுதுபோக்கு என்றே நாம் நினைத்து வந்திருக்கிறோம். "பொம்பிளை தனியா எங்கை போறாள்?" என்ற கேள்வியும் படலையில் நின்று எம்மைத் தடுத்து வந்திருக்கிறது. கணவனை இழந்த பெண் என்றால் அந்தக் கேள்வி இரண்டு மடங்காகும்.

இந்தக் கேள்வியை ஒரு பக்கம் வைத்துவிட்டு, எங்கள் கிராமத்து மாதர் சங்கத்தைச் சேர்ந்த ஐந்து பெண்கள் ஓர் ஓகஸ்ட் மாதத்தில் பதுளைக்குப் புறப்பட்டோம். மூன்று நாட்கள் நடப்பதுதான் திட்டம். எங்களில் மூவர் போரில் கணவனை இழந்தவர்கள். ஒரு சகோதரிக்கு 2009 இல் ஷெல் பட்டு முழங்காலுக்குக் கீழே செயற்கைக் கால். ஸ்பிரிங்வெளியைத் தெரிவு செய்தது நான்தான். நான் பிறந்தது அங்குள்ள லயக் காம்பரா ஒன்றில். 1977 வன்செயலுக்குப் பிறகு எங்கள் குடும்பம் வன்னிக்கு வந்தது. 1977 இலும் 1983 இலும் மலையகத் தோட்டங்களிலிருந்து வந்து வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் காடு வெட்டிக் குடியேறிய குடும்பங்கள் ஏராளம். அவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இந்தச் சஞ்சிகையை வாசிப்பவர்களில் இருப்பார்கள்.

குறுக்குப் பாதையும் வண்டிப் பாதையும்

பதுளை நகரம் ஏறக்குறைய 680 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அதன் மேலே நிற்கும் நமுனுகுல மலையின் உச்சி 2000 மீற்றருக்கும் மேல். நமுனுகுல என்ற சிங்களப் பெயருக்கு ஒன்பது சிகரங்கள் என்று பொருள். அந்த மலைச்சரிவில் இருப்பதுதான் ஸ்பிரிங்வெளித் தோட்டம். வெள்ளைக்காரர் ஆங்கிலத்தில் 'ஊற்றுப் பள்ளத்தாக்கு' என்று வைத்த பெயர் எங்கள் ஆட்களின் வாயில் ஸ்பிரிங்வெளி ஆகி, 'வெளி' என்ற தமிழ்ச் சொல்லும் தானாக வந்து ஒட்டிக்கொண்டது.

தோட்டத்தில் இரண்டு வகைப் பாதைகள் உண்டு. ஒன்று வண்டிப் பாதை. குதிரையும் மாட்டுவண்டியும் ஏறுவதற்காக மலையைச் சுற்றிச் சுற்றி மெதுவாக உயரும் பாதை. மற்றது குறுக்குப் பாதை. லயத்திலிருந்து மலைக்கும், மலையிலிருந்து கொழுந்து நிறுக்கும் இடத்துக்கும், அங்கிருந்து பிள்ளைக் காம்பராவுக்கும் நேராக ஏறி இறங்கும் ஒற்றையடிப் பாதை. வண்டிப் பாதையைத் துரைமார் திட்டமிட்டார்கள். மண் வெட்டிக் கல் அடுக்கியவர்கள் எங்கள் ஆட்கள். குறுக்குப் பாதையை யாரும் திட்டமிடவில்லை. விடியற்காலையில் பெரட்டுக்கு ஓடிய பெண்களின் கால்களே அதை உண்டாக்கின. பெரட்டு என்றால் அன்றைய வேலையைப் பிரித்துக் கொடுக்கும் ஆளெடுப்பு. அதற்குப் பிந்தினால் அன்றைய பெயர் இல்லை, சம்பளமும் இல்லை.

எங்கள் அம்மாயி அந்தக் குறுக்குப் பாதையில் நாற்பது வருடம் ஏறி இறங்கினார். இடுப்பில் படங்கு, முதுகில் கூடை, கூடையில் பதினைந்து இருபது கிலோ கொழுந்து. எந்தத் திருப்பத்தில் ஊற்று இருக்கிறது, எந்தக் கல் வழுக்கும், எந்த மரத்தில் குளவி கூடு கட்டும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். அந்த அறிவுக்கு எந்தச் செக்றோலிலும் பெயர் போடப்படவில்லை.

முதல் நாள் வண்டிப் பாதையில் நடந்தோம். செயற்கைக் கால் உள்ள சகோதரிக்கு அந்த மெதுவான ஏற்றமே பொருந்தியது. "ஏறிறது சுகம். இறங்கேக்கைதான் கால் கதை சொல்லும்" என்றார். அதனால் இறங்கும்போது அரை மணிக்கு ஒருமுறை இருந்து எழும்பினோம். அவசரம் இல்லை. பின்னால் துரத்துபவர் எவருமில்லை. இதை எங்கள் உடம்பு நம்புவதற்கே முதல் நாள் முழுவதும் எடுத்தது.

லயத்து வாசலில் வயதான அம்மா ஒருவர் மறித்தார். "எங்கே இருந்து வாறீங்க?" கிளிநொச்சி என்றோம். "அவ்வளவு தூரத்துல இருந்து நடக்கவா வந்தீங்க? நாங்க இங்க நடக்காம இருக்கிறதுக்கு வழி பார்த்துக்கிட்டு இருக்கோம்!" என்று சிரித்தார். பிறகு, "வாங்க, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க" என்று உள்ளே கூட்டிச் சென்றார். அவர் சிரித்தது நியாயம். கர்ப்பிணியும் நோயாளியும் நடந்தோ தூக்கப்பட்டோதான் வீதிக்கு வரவேண்டும் என்ற நிலையில் இன்றும் லயங்கள் இருக்கின்றன. அங்கே வாழும் பெண்ணுக்கு நடை என்பது வேலை. அதை மறந்துவிட்டு மலையின் அழகை மட்டும் எழுதினால் அது பாதி உண்மையே.

வந்த வழி

மலையக மக்கள் இந்த மலைகளுக்கு வந்ததும் நடந்துதான். 1820களில் கோப்பித் தோட்டங்கள் தொடங்கிய காலம் முதல், தமிழ்நாட்டின் கரையிலிருந்து தோணியில் மன்னார்ப் பக்கம் வந்து இறங்கி, காட்டு வழியாக மாத்தளைவரை நடந்தார்கள். வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் பசியாலும் வழியில் இறந்தவர்கள் ஆயிரமாயிரம். 1867 இல் கண்டிக்கு அருகே லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்டதும், அதன்பின் கோப்பி இலைநோயால் அழிந்ததும், தேயிலை மலைநாடு முழுவதும் பரவியது. இந்த நூறு வருடங்களில் அவர்கள் உண்டாக்கிய நாட்டில், 1948 இல் அவர்களின் குடியுரிமை பறிக்கப்பட்டது.

வந்து 200 ஆண்டுகள் நிறைவடைந்ததை முன்னிட்டு, 2023 யூலை 28 இல் தலைமன்னாரிலிருந்து ஒரு நடைபவனி புறப்பட்டது. 'மாண்புமிகு மலையக மக்கள்' என்ற பெயரில் ஏறக்குறைய 250 கிலோமீற்றர் நடந்து, ஓகஸ்ட் 12 இல் மாத்தளையைச் சேர்ந்தது. பெண்களும் அதில் நடந்தார்கள். காணி, வீடு, சமமான குடியுரிமை என்பவையே கோரிக்கைகள். மன்னாரிலிருந்து மதவாச்சிக்குச் செல்லும் வீதி செட்டிகுளம் பகுதியை ஊடறுத்துப் போகிறது என்பது எங்களில் பலருக்கு நினைவிருக்கும். 2009 இல் முட்கம்பிக்குள் நாங்கள் இருந்த மெனிக் பாம் முகாம் அந்தப் பக்கத்தில்தான் இருந்தது. முன்னோர் விழுந்து இறந்த வழியில், பேரப்பிள்ளைகள் தலை நிமிர்ந்து நடந்தார்கள். நடை ஒரு கோரிக்கையாகவும் ஆகலாம் என்பதை அந்த 16 நாட்களும் காட்டின.

துரைமாரின் நாட்டில் பாதைகள்

தோட்டத்துக்குப் பெயர் வைத்த துரைமாரின் சொந்த நாட்டில் பாதைகள் எப்படி இருக்கின்றன என்று அறிய ஆசைப்பட்டுத் தேடி வாசித்தேன். இங்கிலாந்தின் தெற்கே சவுத் டவுண்ஸ் என்று தாழ்ந்த மலைத்தொடர் ஒன்று உண்டு. பாடசாலையில் எழுதும் சோக்கைப் போன்ற வெண்சுண்ணாம்பு மலைகள். மேலே புல், ஆங்காங்கே செம்மறி ஆடுகள். வின்செஸ்டர் நகரிலிருந்து ஈஸ்ட்போர்ன் கடற்கரை வரை 160 கிலோமீற்றர் நீளமான நடைபாதை அந்த மலைமுதுகில் போகிறது. அது 1972 இல் திறக்கப்பட்டது. வழியில் அல்ஃபிரிஸ்டன் போன்ற பழைய கிராமங்கள், கற்கோயில்கள், கூரை வேய்ந்த வீடுகள்.

என்னை நிறுத்தியது அந்த அழகு அல்ல. அங்கே ஒரு பாதை பொதுப் பாதையாகப் பதியப்பட்டிருந்தால், அது தனியார் வயலின் நடுவே போனாலும் காணிக்காரர் மறிக்க முடியாது என்பது சட்டம். இந்த உரிமையை எவரும் தட்டில் வைத்துக் கொடுக்கவில்லை. 1932 ஏப்ரல் 24 இல், மன்செஸ்டர் பக்கத்துத் தொழிலாளர்கள் நூற்றுக்கணக்கில் திரண்டு, பிரபுக்களின் வேட்டைக் காணியாக மூடப்பட்டிருந்த கிண்டர் ஸ்கவுட் மலையில் அத்துமீறி ஏறினார்கள். ஐந்து இளைஞர்கள் சிறை சென்றார்கள். 1949 இல் வந்த சட்டம், ஒவ்வொரு பகுதியிலும் உள்ள ஒற்றையடிப் பாதைகளை வரைபடத்தில் பதியும்படி உள்ளூர்ச் சபைகளைப் பணித்தது. 2000 இல் வந்த இன்னொரு சட்டம் திறந்த மலைவெளிகளில் நடக்கும் உரிமையை விரிவாக்கியது.

தங்கள் நாட்டில் தொழிலாளியின் பாதையை வரைபடத்தில் ஏற்றியவர்கள்தான், எங்கள் நாட்டில் தோட்ட வரைபடத்தில் லயத்தை ஒரு கோடாக மட்டும் வரைந்தார்கள். இன்றும் தோட்டக் காணி அரசுக்குரியது. 1992 முதல் அதை நிர்வகிப்பது கம்பனிகள். நான்கு ஐந்து தலைமுறையாக நடந்தவர்களில் பெரும்பாலோருக்கு நிற்கும் இடத்துக்கே உறுதி இல்லை.

பாதைக்கு இப்போது விலை வந்திருக்கிறது

அண்மைக்காலத்தில் இந்தப் பழைய வண்டிப் பாதைகள் வெளிநாட்டவர் தேடி வரும் இடமாகிவிட்டன. 'பீக்கோ ட்ரெயில்' என்ற நடைபாதை கண்டி ஹந்தானையில் தொடங்கி, ஹப்புத்தளை, எல்ல, தெமோதரை ஊடாக வளைந்து நுவரெலியாவில் முடிகிறது. 22 கட்டங்கள், 300 கிலோமீற்றருக்கும் மேல். ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியும் இதற்குக் கிடைத்தது.

நல்லதுதான். ஆனால் அந்தப் பாதையில் யாருடைய கைக்குக் காசு போகிறது என்று கேட்க வேண்டும். தேயிலைச் செடிக்கு நடுவே கூடையோடு நிற்கும் பெண் படத்துக்கு மட்டும் தேவைப்பட்டால் போதாது. தேத்தண்ணியும் ரொட்டியும் விற்பவர் அவராக, வழிகாட்டுபவர் அவரது மகளாக, இரவு தங்க இடம் கொடுப்பது அவரது வீடாக இருக்க வேண்டும். எங்களுக்குத் தேத்தண்ணி தந்த அம்மா காசு வாங்க மறுத்துவிட்டார். அடுத்த நாள் அவருடைய மருமகளை வழிகாட்டக் கேட்டு, ஒரு நாள் சம்பளத்துக்குக் குறையாத தொகையை முன்கூட்டியே பேசிக் கொடுத்தோம். அவர் வந்ததால்தான் மேல் டிவிஷனுக்கான குறுக்குப் பாதையை எங்களால் காண முடிந்தது. ஊற்றுத் தண்ணீர் அம்மாயி சொன்ன திருப்பத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது.

மூன்றாம் நாள் எல்லயிலிருந்து தெமோதரைப் பக்கம் போனோம். 1921 இல் கட்டிய ஒன்பது வளைவுப் பாலத்தையும், ரயில் பாதை வளைந்து தன்னைத்தானே கீழால் கடக்கும் தெமோதரை நிலையத்தையும் பார்த்தோம். 1924 இல் பதுளைக்கு முதல் ரயில் வந்தது இந்த வழியாகத்தான்.

போக விரும்பும் சகோதரிகளுக்கு

ஊவா மலைகளில் யூலை முதல் செப்டெம்பர் வரை வறண்ட காற்று வீசும். ஊவாத் தேயிலைக்குத் தனி மணம் தருவதும் அந்தக் காற்றே. நடப்பதற்கும் அதுவே நல்ல காலம். ஒக்டோபர் முதல் மழை கடுமை. 2014 ஒக்டோபர் 29 இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியதை நாம் அறிவோம். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மழையால் பதுளை, நுவரெலியா, கண்டி மாவட்டங்களில் பெரும் மண்சரிவுகள் ஏற்பட்டன. ஆகவே புறப்படுமுன் பாதையும் ரயிலும் எந்த நிலையில் இருக்கின்றன என்று ஊரவரிடமும் நிலையத்திலும் கேளுங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கை உள்ள நாளில் மலையில் கால் வைக்க வேண்டாம். நிலத்தில் புதிய வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரெனக் கலங்கிய ஊற்று கண்டால் உடனே விலகுங்கள்.

கால் முழுவதும் மூடும் சப்பாத்து, நீண்ட காலுறை, அட்டைக்குச் சவர்க்காரக் கட்டி, குடிதண்ணீர், மருந்து, அடையாள அட்டை என்பவை போதும். வாசனைத் தைலம் பூச வேண்டாம், குளவி வரும். ரயில் பாதையிலும் சுரங்கத்திலும் நடக்கக் கூடாது. லயத்துக்குள் கேட்காமல் படம் எடுக்கக் கூடாது. ஐந்து பேராகப் போனால் செலவும் பயமும் ஐந்தாகப் பிரியும்.

பதுளைவரை போக முடியாதவர்கள் தங்கள் ஊரிலேயே தொடங்கலாம். கண்ணிவெடி அகற்றப்பட்ட, பழகிய பாதைகளில் மட்டும் நடவுங்கள். சிவப்பு எச்சரிக்கைப் பலகை உள்ள பக்கம் திரும்பவும் வேண்டாம். குளக்கட்டுக்கு, கோயிலுக்கு, பழைய பள்ளிக்கூடத்துக்குப் பெண்கள் நடந்த வழிகளை ஒரு கொப்பியில் வரையுங்கள். எது இன்றும் திறந்திருக்கிறது, எது வேலியால் மூடப்பட்டிருக்கிறது, எப்போதிருந்து என்று மூத்த பெண்களிடம் கேட்டு எழுதுங்கள். பிரதேச சபையிடமோ கிராம அலுவலரிடமோ ஒரு பாதையைப் பற்றிப் பேசப் போகும் நாளில் அந்தக் கொப்பி உங்கள் கையில் இருக்கட்டும். எங்கள் சங்கத்தின் கொப்பியில் இதுவரை பதினொரு பாதைகள் சேர்ந்திருக்கின்றன. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு பாதை என்று நடந்து வருகிறோம். செயற்கைக் கால் உள்ள சகோதரிதான் அடுத்த பாதையைத் தெரிவு செய்கிறார்.