காலையில் பதநீர், மாலையில் கள்!

வெயில் ஏறத் தொடங்கிவிட்டால், தாம்பரத்தைத் தாண்டிச் செங்கல்பட்டுக்குப் போகும் பெருஞ்சாலையில் பதநீர்ப் பானைகள் வந்துவிடும். இரும்புலியூர், பீர்க்கன்கரணை, பெருங்களத்தூர், வண்டலூர் என்று நிழல் கண்ட இடத்தில் வைத்து விற்பார்கள். ஓலைப் பட்டையில் வாங்கி, நின்றபடியே குடிப்பவருக்குக் கவலை இல்லை. வீட்டுக்கு என்று ஒரு சீசா வாங்கிப் போகிறவருக்குத்தான் கவலை. பத்து மணிக்குத் தேனாக இனித்தது, நாலு மணிக்குப் புளிக்கிறது, நுரைக்கிறது. அதைக் குழந்தைக்குக் கொடுக்கலாமா?

கூடாது. புளித்து நுரைத்த பதநீர், பதநீர் அல்ல, கள்.

நுரை எப்படி வருகிறது?

பனம்பாளையைச் சீவினால் சொட்டும் சாற்றில் நூற்றுக்குப் பத்துப் பங்குக்குக் குறையாமல் சர்க்கரை இருக்கிறது. காற்றிலும், பாளையிலும், பழைய கலயத்திலும் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் இருக்கின்றன. ஈஸ்ட் அவற்றில் ஒன்று. அது சர்க்கரையைத் தின்று, போதை தரும் சாராயச் சத்தையும் கரியமில வாயுவையும் வெளிவிடுகிறது. அந்த வாயுதான் நுரை. இன்னும் சில நாள் காற்றுப்பட விட்டால், வேறு கிருமிகள் அந்தச் சாராயச் சத்தைக் காடியாக்கிவிடும்.

மேல்நாட்டிலும் இதே தொல்லை உண்டு. திறந்த திராட்சை மதுவை நாலைந்து நாள் வைத்திருக்க அவர்கள் படும் பாடு கொஞ்சமல்ல. தக்கையை இறுக்குகிறார்கள், காற்றுக்கு இடமில்லாமல் சிறிய சீசாவில் நிரப்புகிறார்கள், குளிரில் வைக்கிறார்கள். பிரெஞ்சு அறிஞர் லூயி பாஸ்டர் 1860-களில் மது ஏன் கெடுகிறது என்று ஆராய்ந்துதான், அளவான சூடு காட்டிக் கிருமியை ஒழிக்கும் முறையைக் கண்டார். இன்று நம் வீட்டுக்கு வரும் பாக்கெட் பாலும் அந்த முறையில் பதப்படுத்தியதே.

சுண்ணாம்பின் காவல்

நம் பனையேறி கையாளும் மருந்து வேறு. கலயத்தின் உட்புறத்தில் சுண்ணாம்பைத் தடவி மரத்தில் கட்டுகிறார். சொட்டும் சாறு சுண்ணாம்போடு சேர்ந்து காரத்தன்மை அடைகிறது. ஈஸ்டுக்கு இது ஒத்துவராது. அதன் வேலை மந்தமாகிறது. இதற்குத் தராசு கிடையாது, கைப்பழக்கம்தான். சுண்ணாம்பு குறைந்தால் சாறு புளிக்கும். கூடினால் நாக்குப் பொத்துப்போகும்.

இந்தத் துளிச் சுண்ணாம்பில் பனையேறியின் பிழைப்பே அடங்கியிருக்கிறது. 1937-ல் சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு, 1948-ல் சென்னை மாகாணம் முழுவதற்கும் வந்தது. பிறகு சட்டம் தளர்ந்தது, இறுகியது. 1987 முதல் தமிழ்நாட்டில் கள் இறக்கத் தடை இருக்கிறது. மரம் ஒன்று, பாளை ஒன்று, ஏறுகிற ஆளும் ஒருவரே. சுண்ணாம்பு தடவிய கலயம் என்றால் தொழில். தடவாத கலயம் என்றால் குற்றம்! இது சரிதானா என்று விவசாயிகள் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். அந்த வழக்கு ஒரு புறம் இருக்கட்டும்.

வீட்டில் என்ன செய்யலாம்?

முதலில் பாத்திரம். நேற்றைய பதநீரின் ஒட்டல் இருந்தால், அது பாலில் விட்ட உறைமோர் மாதிரி இன்றைய பதநீரையும் கெடுத்துவிடும். வெந்நீரில் நன்றாகக் கழுவிக் காயவைத்த கண்ணாடிச் சீசா அல்லது எவர்சில்வர் பாத்திரம் நல்லது. அலுமினியம் வேண்டாம், சுண்ணாம்பின் காரம் அதை அரிக்கும். துணியில் வடிகட்டுங்கள். சற்று நேரம் அசையாமல் வைத்தால் சுண்ணாம்பு அடியில் தங்கும். மேலே தெளிந்ததை மட்டும் இறுத்துக்கொள்ளுங்கள்.

பிரிஜ் இருக்கிற வீட்டில் கழுத்துவரை நிரப்பி உடனே உள்ளே வைத்தால் மறுநாள் வரை வைத்திருக்கலாம். குளிர் கிருமியைக் கொல்லாது, தூங்க வைக்கும், அவ்வளவுதான். ஆகையால் எடுத்ததும் முகர்ந்து பார்த்துவிட்டுக் குடிக்க வேண்டும். பிரிஜ் இல்லாவிட்டால், மண்பானையில் ஊற்றி ஈரத்துணி சுற்றி வைத்து மதியத்துக்குள் தீர்த்துவிடுவதே சரி. வெளியில் வைக்கும் சீசாவை இறுக்கி மூடாதீர்கள். உள்ளே வாயு சேர்ந்தால் சீசா வெடித்துவிடும்.

மிஞ்சும் என்று தோன்றினால், புளிக்கும் முன்பே அதில் பச்சரிசியைப் போட்டுப் பொங்கிவிடலாம். பதநீர்ப் பொங்கலுக்கு வெல்லச் செலவு இல்லை!

தென்னைக்கு ஒரு புது வழி வந்திருக்கிறது. கேரளத்துக் காசர்கோட்டில் உள்ள மத்திய தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிலையத்தார், பனிக்கட்டி நிரப்பிய பெட்டியைப் பாளையிலேயே பொருத்திச் சாற்றைக் குளிரக் குளிர இறக்குகிறார்கள். சுண்ணாம்பே தேவையில்லை. அதன் பெயர் கல்பரசா. ஆனால் பனை உச்சிக்குத் தினமும் பனிக்கட்டி சுமந்து ஏறுவது யார்?

பதநீரை மாதக்கணக்கில் வைக்கப் பழைய வழி, அதைக் காய்ச்சுவதுதான். தண்ணீர் வற்றிப் பாகு இறுகியபின் ஈஸ்ட் அதில் பிழைக்க முடியாது. பொங்கி வழியாமல் இருக்க ஆமணக்கு விதையைப் பொடித்துத் தூவுவார்கள். பதம் பார்க்க ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு உருட்டிப் பார்ப்பார்கள். ஒரு கிலோ கருப்பட்டிக்கு ஏறக்குறைய எட்டு லிட்டர் பதநீர் வேண்டும். விறகுச் செலவு தனி. உடன்குடிப் பக்கத்தில் இதுவே பெரிய தொழில். தாம்பரம் பக்கத்தில் சாலையோரம் விற்கும் பதநீர் அடுப்புவரை போவதில்லை. வெயில் உச்சிக்கு வருவதற்குள் பானை காலியாகிவிட வேண்டும். ஆகாவிட்டால் மிச்சம் மண்ணுக்குத்தான்.