உங்களுக்குத் தெரியுமா? ஒன்பது கஜ இங்கிலீஷ்!

'தி ஹோல் நைன் யார்ட்ஸ்.' கேள்விப்பட்டிருப்பீர்கள். சொல்லுக்குச் சொல் பார்த்தால், ஒன்பது கஜமும். அமெரிக்கர்கள் வாயில் அதற்கு அர்த்தம், சகலமும்!

ஒரு கல்யாணம். ஐந்தடுக்கு கேக், பேண்டு, பூ அலங்காரம், குதிரை வண்டி. எதையுமே விடவில்லையா? "தே வென்ட் தி ஹோல் நைன் யார்ட்ஸ்!" என்பார்கள். நடந்த கதையை ஒரு வரி விடாமல் ஒப்பித்தாலும் அதே ஒன்பது கஜம்தான்!

சரி, எதன் ஒன்பது கஜம்? அதுதான் வேடிக்கை. இன்றுவரை யாருக்கும் தெரியாது!

'மடிசார்!' என்று நீங்கள் கத்துவது கேட்கிறது. அமெரிக்காவிலும் இந்தியப் புடவைக் கட்சி ஒன்று உண்டு. ஆதாரம்? பூஜ்யம்!

இரண்டாம் உலகப் போர்க் கட்சிதான் பெரியது. போர் விமானத்தின் தோட்டா மாலை 27 அடி நீளமாம். மொத்தத்தையும் எதிரி மேல் கொட்டினால் ஒன்பது கஜம் காலி! கேட்க எவ்வளவு ஜோராக இருக்கிறது? அத்தனையும் கப்ஸா!

கான்கிரீட் லாரியில் ஒன்பது கன கஜம் கொள்ளும், அதுதான் மூலம் என்பது இன்னொரு கட்சி. நியூயார்க் டைம்ஸில் பல வருஷம் மொழிப் பத்தி எழுதிய வில்லியம் சஃபயரே இந்தப் பக்கம்தான் சாய்ந்தார்!

அமெரிக்கக் கால்பந்து? அங்கே தாண்ட வேண்டியது 10 கஜம். ஒன்று உதைக்கிறதே!

போர்க் கட்சிக்கு வேட்டு வைத்தது ஒரு பழைய உள்ளூர்ப் பேப்பர். இண்டியானா மாநிலத்தில் மிட்செல் என்று ஒரு சின்ன ஊர். 1907 மே மாதம் அந்த ஊர்ப் பத்திரிகையில் ஒரு பேஸ்பால் ஆட்டச் செய்தி. ஊர்க் கடைக்காரர்கள் ஆட்டக்காரர்களோடு மோதுகிறார்கள், முழு ஒன்பது கஜத்துக்கும் உத்தரவாதம் இல்லை என்று கிண்டலாக எழுதியிருக்கிறார் நிருபர். இரண்டாம் உலகப் போர் தொடங்க இன்னும் 32 வருஷம் இருக்கிறது! ரைட் சகோதரர்கள் பறந்தே நாலு வருஷம்கூட ஆகவில்லை!

அதே மிட்செல்தான் விண்வெளி வீரர் கஸ் கிரிஸம் பிறந்த ஊர். ஒரு சின்ன ஊருக்கு இத்தனை பெருமையா!

இன்னும் கேளுங்கள். 1912இல் பக்கத்து மாநிலமான கென்டக்கியில் இதே தொடர் அச்சாகியிருக்கிறது. ஆனால் அங்கே ஒன்பது இல்லை, ஆறு கஜம்! 1921இல் தென் கரோலினா பேப்பரின் தலைப்பிலும் ஆறு கஜம்தான்! ஆறு, ஒன்பது... நம் ஜவுளிக்கடைக் கணக்கேதான். தற்செயல்தான், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை!

அதற்கும் முன்னால், 1855இல், இண்டியானா பத்திரிகையில் ஒரு சிரிப்புக் கதை. மூன்று சட்டைக்கு எடுத்த துணியை ஒரே சட்டையாகத் தைத்துவிடுகிறாள் ஒரு பெண்மணி. துணி எத்தனை கஜம் தெரியுமா? சாட்சாத் ஒன்பது! மீட்டரில் 8.23. சட்டையா, ஷாமியானாவா!

'லாக், ஸ்டாக் அண்ட் பேரல்' என்றாலும் எல்லாமும்தான். நாம் 'மூட்டை முடிச்சோடு' என்போமே, அது. பூட்டும் இல்லை, சரக்கும் இல்லை, பீப்பாயும் இல்லை. மூன்றும் பழைய துப்பாக்கியின் பாகங்கள். சுடும் விசை, மரக்கட்டை, குழல்!

'ஃப்ரம் சூப் டு நட்ஸ்.' விருந்தில் முதலில் சூப், கடைசியில் கொட்டைப் பருப்பு. ஆதியோடு அந்தம்! ரோமானியர்கள் இதையே முட்டையிலிருந்து ஆப்பிள் வரை என்றார்கள். 2,000 வருஷத்துக்கு முன்னாலேயே!

'தி ஹோல் ஷெபாங்' கொஞ்சம் நெஞ்சைப் பிசையும். அமெரிக்க உள்நாட்டுப் போரில் ஆண்டர்சன்வில் சிறைக் கைதிகள் கம்பளியையும் குச்சியையும் வைத்துக் கட்டிக்கொண்ட குடிசைக்குப் பெயர் ஷெபாங். அந்தச் சிறையில் இறந்தவர்கள் கிட்டத்தட்ட 13,000 பேர்!

லினக்ஸ் தெரிந்த பிள்ளை வீட்டில் இருக்கிறதா? ஷெபாங் என்றால் என்ன என்று கேளுங்கள். ஸ்கிரிப்டின் முதல் வரியில் வரும் # மற்றும் ! குறிகள் என்று சொல்லும்!

'தி ஃபுல் மான்ட்டி' பிரிட்டிஷ் சரக்கு. தையல்கடைக்காரர் மாண்டேகு பர்ட்டனின் முழு சூட் என்பார்கள், தளபதி மான்ட்கோமரியின் காலைச் சாப்பாடு என்பார்கள். 1997இல் அதே பெயரில் படம் வந்தது. வேலை போன ஷெஃபீல்டு ஆண்கள் மேடையில் உடை களைகிறார்கள். 'எல்லாம்' என்றால் எல்லாமும்! ஆஸ்கருக்கு 4 பிரிவில் போட்டி, கிடைத்தது 1!

ப்ரூஸ் வில்லிஸ் நடித்து 2000இல் வந்த படத்தின் பெயர் 'தி ஹோல் நைன் யார்ட்ஸ்'. 2004இல் இரண்டாம் பாகம் எடுத்தார்கள். பெயர் என்ன தெரியுமா? 'தி ஹோல் டென் யார்ட்ஸ்'!