உங்களுக்குத் தெரியுமா? – வடமாலபேட்டையில் பூவா தலையா

வடமாலபேட்டைக் கடைத்தெருவில் 100 பேரை நிறுத்தி, ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு காசு சுண்டுவோம். தலை விழுந்தால் நண்பர்கள். பூ விழுந்தால் இல்லை. மொத்தம் 4,950 சுண்டல், கை கழன்றுவிடும். பொது நண்பர் ஒருவர்கூட இல்லாத ஜோடி எங்காவது மிஞ்சுமா? அதற்கான வாய்ப்பு சுமார் 35 கோடியில் ஒன்று. பத்தே பேர் என்றால் அப்படிப்பட்ட ஜோடி சராசரியாக நாலைந்து தேறும்.

*

இப்படிக் கிடைக்கும் நட்பு வலைக்குச் சமவாய்ப்புக் கோட்டுரு என்று பெயர். ‘ஒருவர் உண்டு’, ‘எல்லோருக்கும்’, ‘நண்பர்’, ‘இல்லை’ போன்ற சொற்களை மட்டும் கோத்து எந்த வாக்கியம் அமைத்தாலும், ஆள் கூடக்கூட அது உண்மையாகும் வாய்ப்பு ஒன்று 0-ஐ நெருங்கும், அல்லது 1-ஐ நெருங்கும். நடுவில் நிற்காது. 1969-இல் சோவியத் கணிதர்கள் நால்வரும், 1976-இல் தனியாக ரொனால்டு ஃபேகினும் இதை நிறுவினார்கள்.

*

இதைப் புரிந்துகொள்ள ஓர் ஆட்டம் இருக்கிறது. வடமாலபேட்டை ஒரு பலகை. பக்கத்துப் புத்தூர் இன்னொன்று. அங்கேயும் இதேபோல் காசு சுண்டியாயிற்று. கெடுப்பவர் ஏதாவது ஓர் ஊரில் ஓர் ஆளைத் தொடுவார். ஈடுகொடுப்பவர் மற்ற ஊரில் அதற்கு ஈடான ஆளைத் தொட வேண்டும். மூன்று சுற்று என்று முதலிலேயே பேச்சு. இங்கே தொட்ட இருவர் நண்பர்கள் என்றால் அங்கே தொட்ட இருவரும் நண்பர்களாக இருக்க வேண்டும். இல்லையென்றால் அங்கேயும் இருக்கக் கூடாது. ஓரிடத்தில் பிசகினாலும் ஈடுகொடுப்பவர் அவுட். ஆனால் ஊர் பெருத்துவிட்டால் கெடுப்பவரின் பாச்சா பலிக்காது. ‘முதலாமவருக்கு நண்பர், இரண்டாமவருக்கு ஆகாதவர்’ என்று எப்படிக் கேட்டாலும் கூட்டத்தில் அநேகமாக ஒருவர் அகப்படுவார். அப்புறம் ‘ஒருவர் உண்டு’, ‘எல்லோருக்கும்’ என்பவை ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று அடுக்கு வரை வரும் வாக்கியம் எதைக் கொண்டுவந்தாலும் இரண்டு ஊரையும் பிரித்துக் காட்ட முடியாது. இந்தக் கருத்து 1950-களில் பிரான்சின் ஃப்ரெய்ஸே தந்தது. ஆட்டமாக்கியவர் போலந்துக்காரர் எரென்ஃபாய்ஷ்ட், 1961-இல்.

*

n பேருக்கு, தலை விழும் வாய்ப்பை n-இன் –2/3 அடுக்கு என்று குறைத்துப் பாருங்கள். வாய்ப்பு 0-ஐ அல்லது 1-ஐ நெருங்கும் என்ற விதி உடைகிறது! நால்வரும் ஒருவருக்கொருவர் நண்பராயிருக்கும் கூட்டம் கிடைக்கும் வாய்ப்பு சுமார் 4 சதவீதத்தில் நின்றுவிடும். அந்த 2/3 இருக்கும் இடத்தில் 1/√2 போன்ற விகிதமுறா எண்ணை வையுங்கள், விதி திரும்பிவிடும். 1988-இல் கணிதர்கள் ஷெலாவும் ஜோயல் ஸ்பென்சரும் கண்டது இது. எனக்கு இன்னும் வியப்பு அடங்கவில்லை.

*

புனே ஐசர் ஆய்வு நிறுவனத்தின் மௌமந்தி போத்தார், ஸ்பென்சருடன் சேர்ந்து அந்தக் கெடுப்பவர்–ஈடுகொடுப்பவர் ஆட்டத்தை வம்சாவளி மரங்களில் ஆடிப் பார்த்தவர்.

*

‘ஊரில் இருப்போர் எண்ணிக்கை இரட்டைப்படையா?’ இந்தக் கேள்வியை ‘ஒருவர் உண்டு’, ‘எல்லோருக்கும்’ போன்ற அந்தச் சொற்களால் கேட்கவே முடியாது. ஆள் ஒருவர் கூடினால் விடை மாறும். வாய்ப்பு 0, 1, 0, 1 என்று தாவிக்கொண்டே இருக்கும், விதிப்படி ஒரு பக்கத்தை நெருங்காது.