டேப்லெட்டுக்குள் தளர்ந்த இணைப்பை வீட்டிலேயே சரிசெய்தல்

நம் அங்கத்தினர் இல்லங்கள் பலவற்றில் இன்று டேப்லெட் ஒன்று இருக்கின்றது. பிள்ளைகளின் பாடம், சேலை மாதிரிகளின் படங்கள், விளைபொருள் விற்ற கணக்கு எல்லாம் அதனுள் அடங்கியுள்ளன. அது கைதவறி விழுந்து இயங்காமற் போனால், இனி உதவாது என்று மூலையில் போட்டுவிடுகின்றோம். ஓர் இழை அறுந்ததற்காக எந்த நெசவாளரும் தறியைக் கைவிடுவதில்லை. அறுந்த இடத்தைத் தேடி முடிகின்றார். டேப்லெட்டிலும் அவ்வாறு தேடிப் பார்த்தல் தகும்.

டேப்லெட்டின் உள்ளே பாட்டரி, திரை, சார்ஜ் ஏற்றும் துளை ஆகியவை தாய்ப்பலகை எனப்படும் மின்பலகையோடு இணைகின்றன. இவற்றுட் பல, பற்றவைக்கப்படாமல் செருகி அழுத்தப்பட்ட இணைப்புகளே. விழுந்த அதிர்ச்சியில் இவை மயிரிழை அளவு நழுவினாலும் மின்னோட்டம் தடைப்படும். ஓரத்தை அழுத்தினால் திரை ஒளிர்வதும், அசைத்தால் அணைந்துபோவதும் இதன் அறிகுறிகள்.

திறக்குமுன் எளிய சோதனைகளைச் செய்க. வேறு சார்ஜரும் வேறு ஒயரும் கொண்டு சில மணி நேரம் சார்ஜ் ஏற்றுக. பின்னர் பவர் பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடிக்க. இவற்றால் பயனில்லையெனின் திறக்கலாம். உத்தரவாதக் காலம் முடியாதிருந்தால் திறவாமல் விற்றவரிடமே கொண்டு செல்க.

பின்மூடி உப்பியிருந்தாலும் திரை மேலெழும்பியிருந்தாலும் எக்காரணத்தாலும் திறக்கலாகாது. அது பாட்டரி வீங்கியதன் அடையாளம். லிதியம் பாட்டரியைக் குத்தினாலோ வளைத்தாலோ தீப்பற்றும். அத்தகைய டேப்லெட்டுக்குச் சார்ஜ் ஏற்றுவதும் கூடாது.

எல்லா டேப்லெட்டுகளும் வீட்டில் திறப்பதற்கு ஏற்றவை அல்ல. ஐபேடின் திரை பசையால் ஒட்டப்பட்டது. சூடு காட்டிப் பிரிக்க வேண்டும். அது பழகியவர் செய்யும் வேலை. கூகிள் பெயரில் 2012-இல் ஏசூஸ் நிறுவனம் செய்தளித்த நெக்ஸஸ் 7 போன்றவற்றில் பின்மூடி கொக்கிகளால் மட்டுமே பொருந்தியுள்ளது. இதனையே உதாரணமாகக் கொள்வோம்.

முதலில் டேப்லெட்டை அணைத்து, சார்ஜரை நீக்குக. மேசைமேல் பருத்தித் துணி விரித்துக்கொள்க. பட்டு, நைலான் துணிகள் ஆகா. அவற்றின் உராய்வில் எழும் நிலைமின்சாரம் நுண்ணிய பாகங்களைக் கெடுக்கும். மெல்லிய பிளாஸ்டிக் அட்டையை ஓர இடுக்கில் நுழைத்துச் சுற்றிலும் மெல்ல நகர்த்தினால், கொக்கிகள் ஒவ்வொன்றாக விடுபட்டு மூடி கழலும். கத்தியையும் ஸ்குரூ டிரைவரையும் இதற்குப் பயன்படுத்தாதீர்.

உள்ளே பெரும்பகுதியை அடைத்திருப்பது 4,325 மில்லி ஆம்பியர்-மணித் திறனுள்ள பாட்டரி. அதன் ஒயர்கள் தாய்ப்பலகையில் செருகப்பட்டிருக்கும் முனையை முதலிற் கழற்றுக. ஒயரைப் பிடித்து இழுக்காமல் முனையையே நகத்தால் நெம்புக. பாட்டரி இணைப்பு நீங்காமல் வேறெதனையும் தொடலாகாது.

பின்னர் ரிப்பன் போன்ற தட்டையான ஒயர்களைப் பார்க்க. சில இணைப்புகளில் சிறு பூட்டு மடல் உண்டு. அதை நகத்தால் மெல்லத் தூக்கி, ரிப்பனைக் கோணலின்றி இறுதிவரை செலுத்தி, மடலைத் தாழ்த்துக. மடலைத் தூக்காமல் இழுத்தால் இணைப்பே உடையும். மடல் இல்லாதவற்றை நேராக மேலிருந்து, பொருந்தும் வரை அழுத்துக. இறுதியில் பாட்டரி முனையை உறுதியாகச் செருகுக.

மூடியைப் பொருத்துமுன்னரே பவர் பொத்தானை அழுத்திச் சோதிக்க. திரை ஒளிர்ந்து, சார்ஜும் ஏறினால் மூடலாம். சார்ஜ் துளையே பலகையிலிருந்து பெயர்ந்து ஆடினால், அது பற்றவைக்க வேண்டிய வேலை. பழுதுபார்ப்பவரிடம் கொடுப்பதே முறை. பாட்டரி கெட்டிருப்பின் அதைக் குப்பையில் எறியாதீர். 2022-ஆம் ஆண்டின் மத்திய அரசு விதிகள், பழைய பாட்டரிகளைத் திரும்பப் பெறும் பொறுப்பை உற்பத்தியாளர்மீது வைத்துள்ளன.

டேப்லெட் மீண்டும் இயங்கத் தொடங்கியதும் முதல் வேலையாகக் கணக்குகளையும் படங்களையும் வேறோரிடத்திற் பிரதி எடுத்து வைக்க. ஒருமுறை தளர்ந்த இணைப்பு மறுமுறையும் தளரலாம். கருவி போனால் வேறு வாங்கலாம்; பிரதியில்லாத கணக்கை எங்கும் வாங்க இயலாது.