கண்ணுக்குக் கௌரி, காதுக்குக் கெளரி

மயிலாடுதுறைப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அப்பா ஓய்வுபெற்ற தமிழாசிரியராம். கண்ணழுத்த நோய் பார்வையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டது. எழுபது வயதுக்கு மேல் பிரெய்ல் பழக விரல் ஒத்துழைக்கவில்லை. போனே படித்துக் காட்டும் என்று யாரோ சொல்ல, இணையத்திலிருந்து ஒரு பழைய கட்டுரைத் தொகுப்பை இறக்கிக் கொடுத்திருக்கிறார். போன் வாயைத் திறந்ததும் ‘ஜே, கே, பி, ஓ’ என்று ஆங்கில எழுத்துகளாக உளறியிருக்கிறது. “போன் கெட்டுப்போயிருக்கிறதா, புத்தகம் கெட்டுப்போயிருக்கிறதா?” என்று கேட்கிறார்.

புத்தகம்தான். அது எப்படிக் கெட்டது என்பது எனக்கு மிகவும் பிடித்த சங்கதி. கொஞ்சம் பொறுங்கள், வருகிறேன். திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் டாக்பேக்கைப் போனில் எப்படிப் போடுவது, வேகத்தை எப்படிக் கூட்டுவது என்பதெல்லாம் வீட்டுப் பிள்ளைகளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அதனால் முதலில், நல்ல புத்தகம் எங்கே கிடைக்கும் என்று பார்த்துவிடுவோம்.

‘சுகம்ய புஸ்தகாலயா’ என்ற இணைய நூலகம் 2016 ஆகஸ்டில் தொடங்கியது. மத்திய அரசின் மாற்றுத்திறனாளிகள் துறையும் டெய்சி ஃபோரம் ஆஃப் இந்தியா என்ற அமைப்பும் சேர்ந்து திறந்தது. சேர மாற்றுத்திறன் சான்றிதழ் வேண்டும். பார்வை இல்லாதவர்களுக்கு மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம். வரிகள் குழம்பும் டிஸ்லெக்சியா பிள்ளைகளும், பக்கவாதத்தில் கை விழுந்து பக்கம் புரட்ட முடியாதவர்களும் இந்தக் கணக்கில் வருவார்கள். சான்றிதழ் கேட்காத இடங்களும் உண்டு. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில் சங்க நூல்களிலிருந்து கல்கிவரை இருக்கிறது. தமிழ் விக்கிமூலத்தில் நாட்டுடைமையான நூல்களைத் தன்னார்வலர்கள் வரி வரியாகப் பிழை திருத்திப் போட்டுவருகிறார்கள். ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளத்தில் இக்கால எழுத்தாளர்கள் மனமுவந்து கொடுத்த மின்னூல்கள் இருக்கின்றன. ஒரே புத்தகம் பிடிஎஃப், யூனிகோடு என்று இரண்டு வடிவில் இருந்தால், பிடிஎஃப்பைத் தொடாமல் மற்றதை எடுங்கள். காரணம் பின்னால் வருகிறது.

காதால் படிக்கும் பழக்கம் போனோடு வந்தது அல்ல. அமெரிக்காவில் 1934 வாக்கிலேயே பார்வையற்றோருக்காக நாவல்களை இசைத்தட்டில் பதிந்து அனுப்பினார்கள். நிமிடத்துக்கு 33⅓ சுற்றுச் சுழலும் தட்டு அது. பாட்டுக் கேட்கிற மற்றவர்களிடம் அந்த வேகத் தட்டு பரவலானது 1948க்குப் பிறகுதான். தட்டிலும் பின்னால் வந்த கேசட்டிலும் ஒரு தொல்லை இருந்தது. ஏழாம் அத்தியாயத்துக்குப் போக வேண்டுமானால் முள்ளைத் தூக்கி வைத்துத் தடவ வேண்டும், நாடாவை ஓட்டி ஓட்டிப் பார்க்க வேண்டும். அதைத் தீர்க்கப் பல நாட்டு நூலகங்கள் 1996இல் கூடி அமைத்ததுதான் டெய்சி கூட்டமைப்பு.

அது வகுத்த வடிவில் செய்த டெய்சி புத்தகத்தைப் பிரித்துப் பார்த்தால் ஒலி ஒரு கோப்பு, எழுத்து இன்னொரு கோப்பு. நடுவில் ‘ஸ்மில்’ என்று ஒரு சின்னக் கோப்பு உட்கார்ந்திருக்கும். இந்த வாக்கியம் ஒலியில் இத்தனையாவது விநாடியில் தொடங்கி இத்தனையாவது விநாடியில் முடிகிறது என்று அது கணக்கு வைத்திருக்கும். படிப்பவர் அத்தியாயம் அத்தியாயமாகத் தாவலாம், பக்க எண் சொல்லிப் போகலாம், நிறுத்திய வாக்கியத்திலேயே மறுநாள் தொடரலாம். 2011இல் வந்த ஈபப் 3 என்ற மின்னூல் வடிவம் இந்த வித்தைகளைத் தனக்குள் எடுத்துக்கொண்டது. ஒழுங்காகச் செய்த சாதாரண மின்னூலே இன்று டெய்சி செய்த வேலையைச் செய்யும். ஈஸிரீடர், தோரியம் போன்ற செயலிகள் அதைத் திறந்து படிக்கும்.

‘ஒழுங்காகச் செய்த’ என்ற இடத்தில்தான் தமிழுக்கு வில்லங்கம்.

வாசகியின் போன் சொன்ன ஜே, கே, பி, ஓ-வோடு ஒரு செமிகோலனைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பாமினி எழுத்துருவில் அதுதான் ‘தமிழ்’! தொண்ணூறுகளில் கணினிக்குத் தமிழ் தெரியாது. ஆகவே ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் முகமூடி போட்டார்கள். ஜே இருக்கிற இடத்தில் ‘த’ படம், கே இருக்கிற இடத்தில் ‘ம’ படம். திரையிலும் தாளிலும் அச்சு அசல் தமிழ். கணினியின் மனதில் மட்டும் அது ஆங்கிலக் குப்பை. பாமினி மாதிரி எத்தனையோ எழுத்துருக்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு முகமூடி. தமிழாசிரியரின் போன் பாவம், உள்ளே இருப்பதை உள்ளபடி சொன்னது. அந்தக் கோப்பைத் தூக்கிப் போட வேண்டாம். பழைய எழுத்துருவை, தமிழைத் தமிழாகவே கணினியில் பதியும் யூனிகோடாக மாற்றும் கருவிகள் இணையத்தில் இலவசமாகவே இருக்கின்றன.

சரி, யூனிகோடு வந்துவிட்டதே, தமிழக அரசும் 2010இல் அதை ஏற்றுவிட்டதே, இன்னும் என்ன? இன்னும் இருக்கிறது.

என் பெரியப்பா கும்பகோணத்தில் ஓர் அச்சகத்தில் கம்பாசிட்டராக இருந்தார். ‘கொ’ கோக்க முதலில் ஒற்றைக்கொம்பு, பிறகு க, பிறகு கால் என்று மூன்று ஈய எழுத்துகளை எடுத்து ஸ்டிக்கில் அடுக்குவார். கண்ணுக்குத் தெரிகிற வரிசை அதுதான். யூனிகோடு நாம் உச்சரிக்கும் வரிசையை எடுத்துக்கொண்டது. முதலில் க, அப்புறம் ஒகரக் குறி. திரையில் காட்டும்போது மட்டும் கணினி கொம்பை முன்னால் நகர்த்தி வரைகிறது. பிடிஎஃப் ஆக்கும்போது பல மென்பொருள்கள் மறுபடி கம்பாசிட்டர் ஆகிவிடுகின்றன. எந்த வடிவம் தாளில் எங்கே நிற்க வேண்டும் என்பதுதான் பிடிஎஃப்புக்கு முக்கியம். அதிலிருந்து எழுத்தை உருவி எடுத்தால் ‘கொடு’ என்பது கொம்பு தனி, ‘காடு’ தனி என்று வந்து விழும். சில குரல்கள் அநாதைக் கொம்பை விழுங்கிவிட்டுக் காடு என்று வாசிக்கும். கடன் கொடு என்பது கடன் காடு ஆகிவிடும்.

இதற்கும் மேலே, நாமே கைப்பட வைக்கும் பொறிகள் இருக்கின்றன. இந்தக் கட்டுரையின் தலைப்பைப் பாருங்கள். இரண்டு கௌரியும் ஒன்றுபோலத்தானே தெரிகிறது? முதலாவதில் இருப்பது ஔகாரக் குறி. இரண்டாவதில் ‘கெ’ போட்டுப் பக்கத்தில் ‘ள’ போட்டிருக்கிறேன். கண் ஏமாறும், போன் ஏமாறாது. கெ, ள, ரி என்று மூன்றாக உடைத்துச் சொல்லும். இன்னொன்று, ‘அவர்’ என்று அடிக்க வேண்டிய இடத்தில் ‘ர’வுக்குப் பதில் துணைக்காலைப் போட்டு அதன் தலையில் புள்ளி வைப்பது. ‘அவா்’. செய்தித் தளங்களில்கூட இதைப் பார்க்கலாம். துணைக்காலுக்கு மேல் புள்ளி என்று தமிழில் ஓர் எழுத்தே கிடையாது, குரல் எதைத்தான் உச்சரிக்கும்? கண் தெரிந்தவர்களுக்கும் இதில் நட்டம் உண்டு. கோப்பில் ‘கௌரி’ என்று தேடினால் தவறாக அடித்த கௌரி அகப்பட மாட்டாள்.

இவையாவது எழுத்து. ஸ்கேன் செய்த பிடிஎஃப்பில் எழுத்தே இல்லை, பக்கம் பக்கமாகப் புகைப்படம். அதை கூகுள் டிரைவில் ஏற்றி கூகுள் டாக்ஸில் திறந்தால் படத்திலிருந்து தமிழைப் படித்துத் தரும், பரவாயில்லாமல் தரும். பழைய அச்சு மங்கியிருந்தால் ‘ர’வையும் துணைக்காலையும் அதுவும் குழப்பும்.

என் நண்பர் ஒருவர் கல்லூரி ஆசிரியர், பிறவியிலேயே பார்வை இல்லை. அவர் கணினியில் என்விடிஏ என்ற ஸ்கிரீன் ரீடர் திரையைப் படித்துக்கொண்டு ஓடும்போது பக்கத்தில் உட்கார்ந்தால் எனக்கு ஒரு சொல் பிடிபடாது, அத்தனை வேகம். இனிமையான குரல்கள் வந்துவிட்டனவே, ஏன் அந்த ஈஸ்பீக் என்ற பேச்சு மென்பொருளின் தகரக் குரலையே வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். “இனிமையைக் கேட்க பாட்டு இருக்கே சார். இது விரட்டினாலும் சொல் சிதையாது” என்றார். அவர் வகுப்பில் நடத்த வேண்டிய நாவலின் கோப்பைக் கேட்டு ஒரு பதிப்பகத்துக்கு எழுதினார். திருட்டுப் பதிப்பு வந்துவிடும் என்று மறுத்துவிட்டார்கள். அந்த நாவலின் திருட்டு ஸ்கேன் டெலிகிராமில் அப்போதே சுற்றிக்கொண்டிருந்தது! திருடனுக்குப் படம் போதும், படிக்க ஆசைப்பட்டவருக்குத்தான் எழுத்து வேண்டியிருந்தது.

சட்டம் குறுக்கே நிற்கவில்லை. பதிப்புரிமைச் சட்டத்தை 2012இல் திருத்தியபோதே, மாற்றுத்திறனாளி படிப்பதற்காக எவரும் ஒரு நூலை ஏற்ற வடிவுக்கு மாற்றலாம், லாபம் பார்க்காத அமைப்புகள் செலவுக்காசு மட்டும் வாங்கிக்கொண்டு கொடுக்கலாம் என்று இடம் விட்டுவிட்டார்கள். அப்பாவுக்காகப் புத்தகத்தை ஸ்கேன் செய்யும் மகள் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். அப்படி மாற்றிய நூல்கள் நாடு விட்டு நாடு போக 2013இல் மராகேஷ் ஒப்பந்தம் உருவானது. 2014இல் அதற்கு முதலில் ஏற்புறுதி கொடுத்த நாடு இந்தியா. இலங்கையும் 2016இல் சேர்ந்துகொண்டது. சென்னையில் மாற்றிய தமிழ் நூல் யாழ்ப்பாணம் போகவும், அங்கிருந்து இங்கே வரவும் ஒப்பந்தம் வழி திறந்து வைத்திருக்கிறது. கேட்டவுடன் கொடுக்க ஒரு சுத்தமான கோப்பு இருப்பதில்லை என்பதுதான் சிக்கல். எழுதியவர் யூனிகோடில் அடித்துக் கொடுத்ததை வடிவமைப்பவர் பழைய எழுத்துருவுக்கு மாற்றிப் பக்கம் கட்டி, அச்சானதும் மூலத்தை அழித்துவிடுகிற கூத்து இன்றும் பல இடங்களில் நடக்கிறது. இவ்வளவு பாடுபட்டு நாமே அடித்ததை, பிறகு தன்னார்வலர் ஒருவர் ஸ்கேன் செய்து, எழுத்தாக்கி, மறுபடி பிழை திருத்துகிறார்.

பதிப்பகம் வேண்டாம், கோயில் மலரோ பள்ளி ஆண்டு மலரோ போடுகிறவர்கள்கூட ஒரு சோதனை செய்யலாம். பிடிஎஃப்பிலிருந்து நாலு வரியை எடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். அங்கே தமிழ் தமிழாக விழுந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. மீதிப் பாதி தலைப்புகள். வேர்டில் அத்தியாயத் தலைப்பைத் தடித்த எழுத்தாக்கி நடுவில் நிறுத்தினால் ஸ்கிரீன் ரீடருக்கு அது இன்னொரு வரி, அவ்வளவுதான். ‘ஹெடிங் 1’ என்ற பாணியைத் தேர்ந்தெடுத்துச் சொடுக்கியிருந்தால், என்விடிஏயின் உலாவு நிலையில் (பிரவுஸ் மோட்) ‘ஹெச்’ விசையை ஒரு தட்டுத் தட்டினால் அடுத்த தலைப்புக்குப் போய்விடலாம். ஐந்நூறு பக்க நாவலுக்கும் இந்த வேலை அரை மணி நேரம் பிடிக்காது.