ஆங்கில நிகழ்கால நிறைவு வடிவமும் தமிழ் ‘இரு’ துணைவினையும்

தொல்காப்பிய வினையியல் காலத்தை இறப்பு, நிகழ்வு, எதிர்வு என மூன்றாகப் பகுக்கிறது. ஆங்கில நிகழ்கால நிறைவு வடிவம் இவற்றுள் ஒன்றில் மட்டும் அடங்குவதன்று; கடந்த செயலை நிகழ்காலத்தோடு பிணைப்பது அதன் பணி. அதனைத் தமிழில் ‘இரு’ துணைவினை கொண்டு ‘வந்திருக்கிறான்’ எனப் பெயர்ப்பது வழக்கம். எனினும், இவ்விரு வடிவங்களும் முற்றும் ஒத்தன அல்ல.

காலையில் ஈரத்தரையைக் கண்டவர் ‘நேற்றிரவு மழை பெய்திருக்கிறது’ என்பர். இங்குத் துணைவினை சான்றுவழிப்பட்ட ஊகத்தைச் சுட்டுகிறது; ‘நேற்றிரவு’ என்னும் காலச்சொல்லும் தடையின்றி உடன் வருகிறது. ஆங்கில வடிவமோ முடிந்துபோன காலத்தை வரையறுக்கும் சொல்லை ஏற்பதில்லை. ‘இட் ஹேஸ் ரெயின்டு லாஸ்ட் நைட்’ என்பது வழு. செய்தியாயின் ‘இட் ரெயின்டு லாஸ்ட் நைட்’ என்றும், ஊகமாயின் ‘இட் மஸ்ட் ஹேவ் ரெயின்டு லாஸ்ட் நைட்’ என்றும் கூறல் வேண்டும்.

மறுதலையாக, ‘10 ஆண்டுகளாக இங்கு வாழ்கிறேன்’ எனத் தமிழ் நிகழ்காலத்தை ஆளுமிடத்தில், ஆங்கிலம் ‘ஐ ஹேவ் லிவ்டு ஹியர் ஃபார் டென் இயர்ஸ்’ என நிறைவு வடிவத்தை வேண்டி நிற்கிறது.

ஆகவே, இடைநிலை மாணாக்கர்க்கு இவ்வடிவத்தின் தமிழ்ப் பெயர்ப்பை மட்டும் தருதல் போதாது. காலச்சொற்களோடு அது கொள்ளும் இயைபையும் உடன் கற்பித்தல் இன்றியமையாதது.